“48 இலேயே நிண்டிருக்கலாம்” எண்டு சொல்லுறவைக்கு

மேரி கோம் பற்றி ஒரு கதை தொடங்கினால் எப்பிடியும் ஒரு ஆள் வந்து சொல்லும்: “அவ 48 கிலோவிலேயே நிண்டிருக்க வேணும். 51க்குப் போய்த்தான் எல்லாத்தையும் கெடுத்தவ.” சொல்லுற ஆள் குத்துச்சண்டையைக் கரைச்சுக் குடிச்சவர் மாதிரித்தான் சொல்லுவார். கேட்கிற நாங்களும் தலையாட்டிப்போட்டு விட்டிடுவம். இந்தமுறை தலையாட்டாமல் கொஞ்சம் கணக்குப் பாப்பம்.

முதலில் அவர்களின் பக்கத்து நியாயத்தை நேர்மையாக வைப்பம். மேரி கோம் உலகக் குத்துச்சண்டைப் போட்டிகளில் ஆறு தங்கம் வென்றவர். 2002 இல் 45 கிலோ. 2005, 2006, 2008 இல் 46 கிலோ. 2010 இலும் 2018 இலும் 48 கிலோ. ஆறும் சின்ன எடைகளில் வந்தவை. 51 கிலோவில் அவர் உலகப் போட்டியில் எடுத்தது 2019 இல் ஒரு வெண்கலம் மட்டுந்தான். 2016 இல் ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. 2021 இல், டோக்கியோவில், ரெண்டாவது சண்டையோடு வீட்டுக்கு. இதுகளை அடுக்கி வைச்சுப் பார்த்தால், “கீழ நிண்டிருந்தால் இன்னும் ரெண்டு மூண்டு உலகத் தங்கம் வந்திருக்கும்” எண்ட வாதம் சரி மாதிரித்தான் தெரியும்.

ஆனால் அந்த வாதத்தில் ஒரு சின்ன விசயம் விடுபட்டுப் போகுது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 48 கிலோ எண்டு ஒரு பிரிவே இருக்கேல்ல.

2012 லண்டனில்தான் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலா ஒலிம்பிக்குக்குள் வந்தது. அதுவும் எத்தினை பிரிவு? மூண்டு. 51, 60, 75. அவ்வளவுதான். அதே லண்டனில் ஆண்களுக்குப் பத்துப் பிரிவு. ஆண்கள் 250 பேர், பெண்கள் 36 பேர். இதில பெரிய பகிடி என்னவெண்டால், ஆண்களுக்கு 49 கிலோ எண்டு ஒரு பிரிவு இருந்தது. சீனாவின் சூ ஷிமிங் அதில்தான் தங்கம் எடுத்தார். அதாவது 49 கிலோ ஆம்பிளைக்கு அவருடைய அளவான ஆட்களோட சண்டை பிடிக்க ஒரு மேடை இருந்தது. 48 கிலோ பொம்பிளைக்கு இல்லை. 46 கிலோ பெண்ணும் 51 கிலோ பெண்ணும் ஒரே வரிசையில நிக்க வேணும். விருப்பமில்லாட்டி வீட்டில இருந்து தொலைக்காட்சியில பார்க்க வேணும்.

அப்ப “48 இல் நிண்டிருக்கலாம்” எண்டால் அதின்ர நேரடி அர்த்தம் “ஒலிம்பிக்குக்குப் போகாமல் இருந்திருக்கலாம்” எண்டதுதான். அதை அப்பிடியே வாய்விட்டுச் சொல்ல ஒருத்தருக்கும் துணிவில்லை. அதாலதான் கிலோக்கணக்கில சொல்லுகினம்.

இனி லண்டனில் நடந்ததைப் பாப்பம். முதல் சண்டை போலந்தின் கரோலினா மிகால்சுக்கோடு. 2008 இல் சீனாவின் நிங்போ நகரில் நடந்த உலகப் போட்டியில் மேரி 46 கிலோவில் தங்கம். அதே போட்டியில் மிகால்சுக் 54 கிலோவில் தங்கம். எட்டுக் கிலோ இடைவெளியில் நிண்டு ஒரே போட்டியில் ஆளுக்கொரு தங்கம் வாங்கின ரெண்டு பேர், நாலு வருசத்துக்குப் பிறகு ஒரே வளையத்துக்குள்ள. ஒருத்தர் மேல இருந்து இறங்கி வந்தவர். மற்றவர் கீழ இருந்து ஏறி வந்தவர். மேரி 19க்கு 14 எண்டு வென்றார். காலிறுதியில் துனீசிய வீராங்கனையை 15க்கு 6 எண்டு வென்றார். அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா அடம்ஸிடம் 6க்கு 11 எண்டு தோற்றார். அடம்ஸ் யார்? அதே நிங்போவில், அதே 54 கிலோவில் வெள்ளி எடுத்தவர்.

இதை ஆறுதலா யோசிச்சுப் பாருங்கோ. அந்த ஒலிம்பிக் வெண்கலம் 54 கிலோ உலகச் சாம்பியனை வென்று வந்த வெண்கலம். 54 கிலோவில் ரெண்டாவதாய் வந்தவரிடம் மட்டும் தோற்ற வெண்கலம். அதைப் பார்த்து “ஏன் தங்கம் இல்ல” எண்டு கேட்கிறது, பத்தாம் வகுப்புப் பிள்ளையை உயர்தர வினாத்தாளில இருத்திப்போட்டு “ஏன் ஏ எடுக்கேல்ல” எண்டு கேட்கிற மாதிரி.

மூண்டு கிலோ எண்டால் சின்ன விசயம் எண்டு நினைக்கிறவைக்கும் ஒரு சொல். 48 கிலோ உடம்பில மூண்டு கிலோ எண்டால் நூற்றுக்கு ஆறு பங்குக்கும் மேல. அதோட, 51 இல் நிக்கிற பெரும்பாலானவை இயல்பாகவே அதைவிடக் கூடின நிறை உள்ளவை. போட்டிக்காக இறக்கி வருவினம். உயரமும் கை நீளமும் இறங்காது, அது அப்பிடியே இருக்கும். கீழ இருந்து ஏறுற ஆள் சாப்பிட்டு, பயிற்சி செய்து நிறையைக் கூட்டலாம். கையை நீட்ட ஏலாது. எட்ட நிண்டு குத்துற ஆளிடம் ஒவ்வொருமுறையும் உள்ளுக்குப் பாய்ஞ்சுதான் அடிக்க வேணும். பாயுற ஒவ்வொருமுறையும் வாங்கிக்கொண்டுதான் பாய வேணும்.

அப்பிடியிருந்தும் 51 இல் அவர் ஒண்டும் செய்யேல்ல எண்டது பொய். 2014 இல் இஞ்சோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 51 கிலோவில் தங்கம். டோக்கியோவில், 38 வயதில், கொலம்பியாவின் இங்ரித் வலென்சியாவோடு நடந்த கடைசிச் சண்டையில் மூண்டு சுற்றில் ரெண்டு அவரின்ர பக்கம். முதல் சுற்றில விட்ட புள்ளிகளால் 3க்கு 2 எண்டு தோற்றார். வலென்சியா ரியோவில் வெண்கலம் எடுத்தவர். இதையா “கெடுத்தவ” எண்டுறது?

அடுத்த வாதம் வரும்: “2018 இல் 48க்குத் திரும்பி வந்த உடன தங்கம் எடுத்தவ தானே? அப்ப அதுதானே அவவின்ர எடை?” சரி. 2018 இல் பொதுநலவாயப் போட்டியிலும் தங்கம், புது டில்லியில் உலகத் தங்கமும். ஆனால் அதே வருசம் போலந்தில் ஒரு போட்டிக்குப் போன இடத்தில், எடை பார்க்க நாலு மணித்தியாலம் இருக்க, ரெண்டு கிலோ கூட நிண்டு, கயிறடிச்சு வேர்த்து இறக்கினதாக அவரே சொன்னார். எடைப்பிரிவு எண்டது நினைச்ச நேரம் வந்து இருக்கிற கதிரை இல்லை. 48 அவரின்ர இயல்பான பிரிவு எண்டதை நானும் ஒத்துக்கொள்ளுறன். அதை ஒத்துக்கொண்டால் கேள்வி மேரியிடம் போகக் கூடாது. அந்தப் பிரிவை ஒலிம்பிக்கில் வைக்காதவையிடம்தான் போக வேணும்.

ஒரு இடத்தில் மட்டும் விமர்சகர்களோடு நான் நிக்கிறன். 2019 உலகப் போட்டிக்கு 51 கிலோவில் தகுதிகாண் சண்டை வைக்காமல் இந்தியக் குத்துச்சண்டைச் சம்மேளனம் மேரியைத் தெரிவு செய்தது பிழை. இளம் வீராங்கனை நிகத் சரீன் “எனக்கும் ஒரு சந்தர்ப்பம் தாங்கோ” எண்டு கேட்டது நூறு வீதம் நியாயம். பேந்து டிசம்பரில் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கான சண்டை நடந்தது. மேரி 9க்கு 1 எண்டு வென்றார், வென்ற கையைக் குடுக்க மறுத்தார். அதுவும் வடிவான காட்சி இல்லை. எவ்வளவு பெரிய சாம்பியனாக இருந்தாலும் வரிசையில நிண்டுதான் வர வேணும்.

ஆனால் அந்த ரெண்டு பேரும் ஏன் ஒரே வாசலில முட்டுப்பட்டவை? டோக்கியோவிலும் பெண்களுக்கு ஆகக் குறைஞ்ச பிரிவு 51 தான். 48 எண்டு ஒண்டு இருந்திருந்தால் மேரி அங்க, நிகத் இங்க. நிகத் பிறகு 2022 இல் 52 கிலோவிலும் 2023 இல் 50 கிலோவிலும் உலகத் தங்கம் எடுத்துக் காட்டினவர். ரெண்டு தலைமுறையை ஒரு கதவுக்கு முன்னால நிப்பாட்டிப்போட்டு, தள்ளுமுள்ளுப் பட்டால் “பொம்பிளையளின்ர பொறாமை” எண்டு எழுதினவையும் இருக்கினம். கதவைச் சின்னனாக் கட்டினவனைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்ல.

“பெண்களில் ஆட்கள் காணாது, அதாலதான் பிரிவு குறைவு” எண்டு ஒரு சாட்டு இருக்கு. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில பெண்பிள்ளைகளின்ர நிகழ்ச்சியை வெட்டுறதுக்கும் இதே சாட்டுத்தான். மேடை இல்லாத விளையாட்டுக்கு எந்தத் தாய் தகப்பன் பிள்ளையை அனுப்பும்? உலகப் போட்டிகளில் பெண்களுக்குப் பத்துப் பன்னிரண்டு பிரிவு வைச்சு நடத்த முடிஞ்சது. ஆட்கள் வந்தவை, வென்றவை. ஒலிம்பிக்குக்கு மட்டும் மூண்டு காணும் எண்டு ஆர் முடிவு செய்தது?

இது பழைய கதை இல்லை. 2024 பரிசில் பெண்களுக்கு ஆறு பிரிவு, ஆண்களுக்கு ஏழு. நல்லம், முன்னேற்றந்தான். ஆனால் ஆகக் குறைஞ்சது 50 கிலோ. 2023 இல் நீத்து கங்காஸ் எண்ட இளம் பெண் 48 கிலோவில் உலகத் தங்கம் எடுத்தவர். அவரின்ர எடை பரிசிலும் இல்லை. உலகத்தில முதலாவதாய் வந்த அடுத்த வருசமே, உன்ர உடம்புக்கு இங்க இடமில்லை எண்டு சொல்லுறது எவ்வளவு பெரிய அநியாயம்?

இனி ஆரும் உங்களிட்ட வந்து “மேரி 48 இலேயே நிண்டிருக்கலாம்” எண்டு சொன்னால், ஒரு கேள்வி மட்டும் கேளுங்கோ: “எங்க நிக்கிறது? இடத்தைக் காட்டுங்கோ.”