வைஃபை வந்த தெருவும் வராத தெருவும்

போன வருடம் தங்கைக்குக் கல்லூரி இறுதியாண்டு. வேலைக்கான பயிற்சி வகுப்புகள் எல்லாம் ஆன்லைனில்தான். நானும் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நிலை. சரி, வீட்டுக்கு ஒரு பிராட்பேண்ட் போட்டுவிடலாம் என்று ஒரு நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்தேன். பின்கோடு கேட்டார்கள், சொன்னேன். "உங்க ஏரியாவுல சர்வீஸ் இருக்கு சார், நாளைக்கே ஆள் வருவாங்க" என்றார்கள்.

மறுநாள் ஆள் வரவில்லை, போன் வந்தது. பேசியவர் உள்ளூர் கேபிள்காரர்.

"எந்தத் தெரு தம்பி?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அந்தப் பக்கம் லைன் போகல தம்பி. ஒரு பத்து வீடு சேர்த்துக் குடுங்க, அப்புறம் பாக்கலாம்."

ஃபைபர் வந்து நிற்கும் பெட்டி ஊர்த் தெருக் கோடியில், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து எங்கள் குடியிருப்புக்கு முந்நூறு மீட்டர்கூட இருக்காது. ஊர்த் தெருவில் முதல் இணைப்பு வாங்கியது ஒரு மளிகைக் கடை. அந்தக் கடைக்காரரிடம் யாரும் பத்து வீடு கேட்கவில்லை.

எந்த பிராட்பேண்ட் நல்லது என்று யூடியூபில் தேடினால் நூறு வீடியோ வரும். வேகம், விலை, இலவச ஓடிடி எல்லாவற்றையும் அட்டவணை போட்டு ஒப்பிடுவார்கள். அந்த அட்டவணைகள் எல்லாமே ஒயர் உங்கள் வாசல் வரை வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் தொடங்குகின்றன. நம் வீடுகளில் பலவற்றுக்கு, ஒயர் எந்தத் தெரு வரை வரும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

பெரிய நிறுவனங்கள் பக்கத்து டவுன் வரை கேபிளைக் கொண்டுவருகின்றன. கிராமத்துக்குள் வீடு வீடாக இழுப்பது பெரும்பாலும் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர். தொண்ணூறுகளில் டிஷ் வைத்து டிவி லைன் கொடுத்தவர், அல்லது அவருடைய மகன். கம்பம் அவர் வசம், ஆட்கள் அவர் வசம், வசூலும் அவர் வசம். அன்று டிவி லைன் போன பாதையிலேயே இன்று ஃபைபரும் போகிறது. அந்தப் பாதையில் ஊர் முதலில், சேரி கடைசியில், அல்லது இல்லவே இல்லை.

கேட்டால் சாதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "பிசினஸ் தம்பி" என்பார்கள். அதிலும் பாதி உண்மை இருக்கிறது. முந்நூறு மீட்டர் கேபிள், ஒரு பெட்டி, இரண்டு ஆள் கூலி எல்லாம் செலவுதான். ஆனால் அந்த முந்நூறு மீட்டர் எப்படி வந்தது? நம் தாத்தாக்கள் ஊரை விட்டுத் தள்ளி வீடு கட்டியது காற்றோட்டத்துக்காகவா? சாதி போட்ட தூரத்தை இன்று கேபிள் செலவாகக் கணக்கெழுதி, அதையும் நம்மிடமே கேட்கிறார்கள்.

"அங்கெல்லாம் மாசாமாசம் பணம் கட்ட மாட்டாங்க" என்று இன்னொரு வாதம் உண்டு. எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். மூன்று போன், ஒவ்வொன்றுக்கும் 28 நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய 300 ரூபாய் ரீசார்ஜ். 28 நாள் கணக்கில் வருடத்துக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். மொத்தம் 11,700 ரூபாய். மாதம் 499 ரூபாய் ஃபைபர் பிளான் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 589 ரூபாய், வருடத்துக்கு 7,068. ஃபைபர் வந்தாலும் போனில் பேச ரீசார்ஜ் வேண்டும்தான். ஆனால் டேட்டா இல்லாமல் பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனி பேக் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டிருக்கிறது. ஆக, எங்கள் தெரு இணையத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. தினம் ஒன்றரை, இரண்டு ஜிபி என்று அளந்து கொடுப்பதை வாங்கிக்கொண்டு கட்டுகிறது.

இங்கேதான் ஒயர் இல்லாத பிராட்பேண்ட் வருகிறது. மொட்டை மாடியில் ஒரு பெட்டி, உள்ளே ஒரு ரூட்டர், டவரிலிருந்து நேராக 5ஜி சிக்னல். கேபிள்காரரைக் கேட்க வேண்டாம், கம்பம் வேண்டாம், ஊர்த் தெருவைத் தாண்டி வர வேண்டாம். டவர் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. நாங்கள் கடைசியில் அதைத்தான் போட்டோம். பெட்டியை மாட்டிய அன்று அம்மாவுக்கு இருந்த சந்தோஷத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை.

ஆனால் போடுவதற்கு முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில், அதே நிறுவனத்தின் சிம் உள்ள 5ஜி போன் ஒன்றை இரவல் வாங்கி, இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் மாடியில் நின்று வேகத்தைச் சோதியுங்கள். டவரின் அலைவரிசையை ஊரே பங்கு போட்டுக்கொள்கிறது. காலை பதினொரு மணிக்குப் பறக்கும் இணையம் ராத்திரி ஊர்ந்துபோகலாம். பதிவிறக்க வேகத்தோடு பதிவேற்ற வேகத்தையும் பாருங்கள். வீடியோ நேர்காணலில் உங்கள் முகம் உறைந்து நிற்பது பெரும்பாலும் பதிவேற்றக் கோளாறுதான். ஃபைபரில் இரண்டும் பெரும்பாலும் சமமாகக் கிடைக்கும், டவரில் அப்படி இல்லை.

100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 எம்பி இறங்கும் என்று அர்த்தமில்லை. எட்டால் வகுங்கள், 12.5 எம்பிதான். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 40, 50 எம்பிபிஎஸ் தாராளம், அதற்கு மேல் விற்பது அவர்கள் ஆசை. ரூட்டருக்கு டெபாசிட் எவ்வளவு, திரும்பக் கிடைக்குமா, எத்தனை மாதக் கட்டாயம், எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். ஒயரோ டவரோ, கரண்ட் போனால் ரூட்டரும் போகும். அதற்கென்று விற்கும் சின்ன பேட்டரி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

இது நம் வீட்டுப் பிரச்சினைக்கு வழி. தெருவின் பிரச்சினை அப்படியே நிற்கிறது.

பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதபோது, வசதி இருந்தவர்கள் தனியாகப் போர் போட்டுக்கொண்டார்கள். தாகம் தீர்ந்தது, கிணறு அவர்களுடையதாகவே இருந்தது. 1927 மார்ச் 20 அன்று மகத்தில் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது வேறு தண்ணீர் கிடைக்காததால் அல்ல. பொதுவானது பொதுவாக இருக்க வேண்டும் என்பதற்காக. ஒயர் இல்லாத இணைப்பு நமக்கு இன்றைய போர். பரீட்சை நாளைக்கு இருக்கும்போது போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்காகக் கிணற்றை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கிணறு என்று சும்மா சொல்லவில்லை. இதில் மக்கள் பணம் இருக்கிறது. கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 2011இல் ஒப்புதல் கொடுத்தது, பிறகு அதன் பெயர் பாரத்நெட். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலை டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனத்திடம் இருக்கிறது. அந்த ஃபைபர் ஊராட்சி அலுவலகத்தில் வந்து நிற்கும். அலுவலகம் எங்கே இருக்கிறது? எங்கள் ஊராட்சியில் ஊர்த் தெருவில். பல ஊராட்சிகளில் அப்படித்தான். அங்கிருந்து எந்தப் பக்கம் முதலில் நீளும் என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

பேச இடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. ஊராட்சி ஃபைபரிலிருந்து முதல் இணைப்புகள் நம் குடியிருப்பின் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் படிப்பகத்துக்கும் வர வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். எழுதி வாசித்து, பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். கேரளம் 2023இல் கேஃபோன் தொடங்கியபோது 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதை இலக்காகவே அறிவித்தது. இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019இல், விடுதியில் போனைத் தடைசெய்ததை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில் சொல்லிவிட்டது. இங்கே அதைக் கேட்பது பேராசை ஆகாது.

சட்டமும் கையில் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 6. மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் ஒரு சேவையைத் தீண்டாமையின் பேரில் மறுப்பது குற்றம். கேபிள் லைன் வழக்கில் இதை நிரூபிப்பது சுலபமில்லை, காரணத்தை யாரும் வாயால் சொல்வதில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள் என்கிறேன். விண்ணப்ப எண், மறுத்த குறுஞ்செய்தி, ஊர்த் தெருவில் எத்தனை வீட்டுக்கு லைன் இழுத்தார்கள் என்ற விவரம் மூன்றும் இருந்தால், "பத்து வீடு" நிபந்தனை யாருக்கு மட்டும் போடப்பட்டது என்பது தெரிந்துவிடும். வழக்கு வரை போகாமலேயே பல சமயம் லைன் வந்துவிடும்.

"இணையத்திலும் சாதிப் பெருமை ரீல்ஸ்தானே ஓடுகிறது, அதற்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று ஒரு தோழர் கேட்டார். ஓடுகிறதுதான். கல்வி உதவித்தொகை விண்ணப்பமும் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பமும் அதே இணையத்தில்தான் இருக்கின்றன. நம்மைப் பற்றி நாமே எழுதி வெளியிட, ஆசிரியர் குழுவின் தயவு தேவைப்படாத இடமும் இதுதான்.

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் கேபிள்காரரின் வரைபடத்தில் எங்கள் தெரு என்ன பெயரில் இருந்தாலும் கோடு முன்னாலேயே நின்றுவிடுகிறது.

நானும் தங்கையும் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினோம். பத்து கேட்டார், பதினான்கு சேர்ந்தது. பட்டியலைக் கொடுத்துவிட்டு, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். அந்த அடுத்த மாதம் போய் இரண்டு மாதமாகிறது. வரும் கிராமசபைக்கு அந்தப் பிரதியோடு பதினான்கு வீட்டாரும் போகிறோம். மாடியில் இருக்கும் பெட்டி நன்றாகத்தான் வேலை செய்கிறது. அதனால் எங்களுக்கு அவசரமில்லை, விட்டுவிடும் எண்ணமும் இல்லை.