ஆறு ஒன்று, ஆட்சி பல

ஏரி வெட்டி வாழ்ந்த நம் முன்னோர் ஓர் உண்மையை நன்குணர்ந்திருந்தனர். மேலேரியின் கலிங்கு வழியும் நீரே கீழேரிக்கு வரத்து. மேலேரி கெடின் கீழேரியும் கெடும். ஆதலின் ஏரியைத் தனியே நோக்காது தொடர் முழுவதையும் ஒருங்கே நோக்கினர். பகுதிகள் ஒன்றையொன்று தாக்கும் வகையை ஆராய்ந்து, முழுமையைக் கண்டபின் செயலில் இறங்கும் இம்முறையை இக்காலத்து அறிஞரும் அரசாட்சிக்கு இன்றியமையாததென வற்புறுத்துகின்றனர். நம் ஆட்சியில் அந்நோக்கு உளதா என்பதே ஈண்டு யான் வினவுவது.

தென்பெண்ணை கருநாடகத்து நந்திமலைப் பகுதியிற் பிறந்து, ஓசூரையடுத்த கெலவரப்பள்ளி அணையை அடைந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, கடலூருக்கருகே கடலிற் கலக்கின்றது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளினின்று வழியும் நீரும் இவ்வாற்றையே சேர்கின்றது. சோப்பும் சலவைத்தூளும் ஆலைக்கழிவும் கலந்த நீர், மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி மதகுகள் திறக்கப்படுங்கால் வெண்ணுரையாய்ப் பொங்குகின்றது. சிறுவனாய் அந்நுரையை அள்ள ஓடிய என்னை என் பாட்டனார் கைப்பற்றி இழுத்து நிறுத்தியது இன்றும் என் நினைவில் உளது. விளையாடத் தகாத அந்நீரையே அவர் தம் பயிருக்குப் பாய்ச்ச வேண்டியிருந்தது.

இதற்குப் பொறுப்பாளர் யாவர்? அணையைக் காப்பது ஓர் இலாகா. பயிரைப் பேணுவது மற்றோர் இலாகா. சாக்கடை நகராட்சியின் பாற்பட்டது. நீரின் தூய்மையைக் காக்க 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ எல்லைக்கு அப்பால் ஒன்று, இப்பால் ஒன்று. அவரவர் தம் கடமையைச் செய்தாலும், ஆற்றுக்கு உடையவர் ஒருவருமிலர்.

நன்முயற்சியும் பகுதிநோக்கினாற் குறையுறும். பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் 2018 முதல் குழாய்வழியே கோலார் ஏரிகளுக்குச் செல்கின்றது. வறண்ட ஏரிகளை நிரப்பும் அப்புதுமை பாராட்டத்தக்கதே. ஆயினும் முன்பு அந்நீர் இறங்கிய பள்ளத்தாக்கின் கீழ்ப்புறத்தார்க்கு நேரும் குறைவு எவர் கணக்கில் எழுதப்படும்?

மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளுக்கு ஆலோசனை வாரியங்கள் அமைக்கப் பாராளுமன்றம் 1956-இலேயே நதி வாரியச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் இதுகாறும் ஒரு வாரியமேனும் அமைந்திலது. சட்டம் ஏட்டளவில் உறங்குகின்றது.

'வாரியம் அமையின் மாநிலத்தின் உரிமை குறையும்' என்பார் உளர். நீர்ப்பங்கு பற்றிய வழக்கு நீதிமன்றத்தில் நடக்கட்டும். நீரின் தூய்மையை அளப்பதற்கு அத்தீர்ப்பு வரும்வரை காத்திருத்தல் வேண்டுமோ? இரு மாநில அலுவலரும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே நீரை அளந்து, அவ்வளவைப் பொதுமக்கள் அறிய வெளியிடுவாராக. கணக்கு ஒன்றாயின் 'எம் குற்றமன்று' எனும் சொல் ஒழியும்; பரிகாரம் எங்கே தொடங்கவேண்டும் என்பதும் தெளிவாகும். பெருஞ்செலவு வேண்டாத இப்புதுமையே முதலில் வேண்டற்பாலது.

நிற்க. மேலூரைப் பழித்து நாம் தப்பிவிடல் ஆகாது. பெங்களூருக்கு ஓசூர் கீழேரி. கிருஷ்ணகிரிக்கோ ஓசூரே மேலேரி. நம் ஆலைகளும் சாக்கடைகளும் ஆற்றில் எதனை இறக்குகின்றன என நம்மையே முதலில் கேட்போமாக. அங்ஙனம் கேட்ட பின்னரே மேலூராரை நோக்கி வினவும் தகுதி நமக்கு உண்டாகும்.