பார்வையற்றோருக்கும் கணக்குச் சொல்லுங்கள்

பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த புதிதில், மராத்தி எழுத்துத் தெரியாமல் அரசு அலுவலக அறிவிப்புப் பலகை முன் விழித்து நின்றவர்கள் நம்மில் பலர். "அண்ணாச்சி, இதில் என்ன எழுதியிருக்கு?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டியிருந்தது. அவர் சொன்னதுதான் நமக்குச் செய்தி. அவர் சொல்லாமல் விட்டது நமக்குத் தெரியாது. நமக்குச் சில காலமே இருந்த இந்தச் சங்கடம், பார்வையற்ற சகோதரர்களுக்கு இன்றும் அன்றாடம் நேர்கிறது.

இப்போது அறிவிப்புப் பலகையின் இடத்தில் இணையதளம் வந்துவிட்டது. மக்கள்தொகை, பட்ஜெட் ஒதுக்கீடு, நோய்க் கணக்கு, குடிநீர் ஏரிகளின் நீர்மட்டம் ஆகியவற்றை உள்ளாட்சி நிர்வாகங்கள் அதில்தான் வெளியிடுகின்றன. 2020ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது, தாராவியில் எத்தனை பேருக்கு நோய் என்ற கணக்கு நாள்தோறும் வந்தது. வேலைக்குப் போவதா, ஊருக்குப் புறப்படுவதா என்று அந்த எண்ணைப் பார்த்தே முடிவு செய்த குடும்பங்கள் உண்டு. புள்ளிவிவரம் அதிகாரிகளுக்கு மட்டும் உரியது அல்ல என்பதை அன்று கண்டோம்.

பார்வையற்றோர் இணையதளத்தை எப்படிப் படிப்பார்கள் என்று சிலர் கேட்கலாம். திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. 2006இல் ஆஸ்திரேலியாவில் உருவாகத் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகவே கிடைக்கிறது. கைப்பேசியிலும் இந்த வசதி உண்டு.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. பல அலுவலகங்களில் குமாஸ்தா கணிப்பொறியில் அழகாக அட்டவணை தயாரிக்கிறார். அதை அச்செடுத்து, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து, படமாக இணையதளத்தில் ஏற்றுகிறார்கள். அந்தப் படத்தில் மென்பொருள் படிக்க எழுத்தே இல்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவிகள் வந்துள்ளன. ஆனால் கோணலாக ஸ்கேன் செய்த தாளில் 3 என்பதை அது 8 என்று படித்துவிட்டால், கணக்கே தலைகீழாகிவிடும். படிக்கக்கூடிய மூலப் பிரதியோ அலுவலகக் கணிப்பொறியிலேயே தூங்குகிறது!

நோய் அதிகமுள்ள பகுதியைச் சிவப்பிலும், குறைந்த பகுதியைப் பச்சையிலும் காட்டும் வரைபடமும் இப்படித்தான். பக்கத்தில் எழுத்தில் விவரம் தராவிட்டால், பார்வையற்றவருக்கு அது வெற்றுத் தாளே.

இவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பார்வைக் குறைபாடு உடையவர்கள் நாட்டில் 50 லட்சத்துக்கும் அதிகம்.

இவர்கள் கேட்பது சலுகையும் அல்ல. மின்னணு முறையில் வரும் தகவல்கள் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. இதற்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. இணைய வசதிகளைப் பயன்படுத்தும் உரிமை, வாழும் உரிமையில் அடங்கியது என்று 2025 ஏப்ரலில் அதே நீதிமன்றம் அறிவித்தது. சட்டமும் தீர்ப்பும் வந்த பிறகும் தாமதம் ஏன்?

செய்ய வேண்டியது அதிகமில்லை. கையொப்பமிட்ட தாள் கோப்பில் இருக்கட்டும். தட்டச்சு செய்த மூலத்தை இணையதளத்தில் ஏற்றலாம். அட்டவணையின் தலைப்புகளைத் தலைப்பு என்றே குறித்துவிட்டால், மென்பொருள் வெறும் எண்ணைச் சொல்லாமல், எந்த வார்டின் எந்தக் கணக்கு என்று சேர்த்துச் சொல்லும். மராத்தியில் வெளியிடும்போது, பழைய எழுத்துருக்களை விட்டு யூனிகோடைப் பயன்படுத்த வேண்டும். ஒப்பந்ததாரர் இணையதளத்தை ஒப்படைக்கும் முன்பு, பார்வையற்றவர்களைக் கொண்டே சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிக்க ஆள் இல்லை என்று மும்பையில் யாரும் சொல்ல முடியாது. 1952இல் தொடங்கிய தேசிய பார்வையற்றோர் சங்கம் இந்த நகரில்தான் இருக்கிறது.

அலுவலகங்களில் பணிபுரியும் நம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலதிகாரியின் உத்தரவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள் தயாரிக்கும் அட்டவணையைப் படமாக்காமல் எழுத்தாகவே அனுப்பலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் மேஜையில் மிச்சமாகும் ஒரு ஸ்கேன், முகம் தெரியாத ஒருவர் பிறர் தயவில்லாமல் தானே கணக்கைப் படிக்க உதவும்.

மக்களுக்காக எடுத்த கணக்கு எல்லா மக்களுக்கும் போய்ச் சேர வேண்டும். நாட்டின் பெரிய மாநகராட்சிகளில் ஒன்றான மும்பை இதில் வழிகாட்டட்டும். மற்ற நகரங்கள் பின்தொடரும்.