உதிரிபாகம் கிடைக்குமா?
ரேடியோ கன்ட்ரோல் கார் வாங்க வருபவர்கள் கடையில் முதலில் கேட்பது, 'எவ்வளவு வேகம் போகும்?' என்றுதான். உடைந்தால் உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்பவர் அரிது. புதிதாக ஓட்டுபவர் சுவரில் மோதாமல் இருக்க முடியாது. மோதினால் முன்சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஆர்ம் முறியும். பொம்மைக் காருக்கு அதோடு ஆயுள் முடிந்தது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த 'கிராஸ்ஹாப்பர்' போன்ற கிட் காரிலோ, திருகைக் கழற்றிப் புது ஆர்மை மாட்டிவிடலாம். தனித்தனிப் பாகங்களாக வரும் அதை, கியருக்குக் கிரீஸ் தடவி நாமே பூட்டியிருப்பதால் எந்தத் திருகு எங்கே என்று விரலுக்கே தெரியும். பின்சக்கரங்கள் மட்டும் உந்தும் எளிய வண்டி, சாதாரண பிரஷ் மோட்டார். ஓட்டப் பழக அது தரும் வேகம் தாராளம். முதல் காரை, நாமே பழுதுபார்க்க முடியுமா என்று பார்த்து வாங்குங்கள்.