டி.சி. கேட்கும்போது உண்மையான காரணத்தை எழுதுங்க

அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளையை வேறொரு அரசுப் பள்ளிக்கு மாத்தணும்னு யோசிக்கிற பெற்றோருக்கான இழை இது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

டி.சி. கேட்டு பெற்றோர் எழுதுற கடிதங்கள்ல நான் பார்த்தவரைக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: "குடியிருப்பு மாற்றம்". வீடு அதே தெருவுலதான் இருக்கும்!

உண்மைக் காரணம் வேற. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வகுப்பு மாடியில, பிள்ளைக்குக் காலில் காலிப்பர். நாலு பசங்க சேர்ந்து தினமும் கேலி பண்றாங்க. ஒரு ஆசிரியர் கை நீட்டுறார். இதையெல்லாம் எழுதினா ஹெச்.எம். கோவிச்சுக்குவாரு, டி.சி.யை இழுத்தடிப்பாருன்னு பயம். அதனால ஒரு சின்னப் பொய்.

அந்தப் பொய் வேண்டாம்னு சொல்லத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

முதல்ல, அதுக்கு அவசியமே இல்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. ஆர்.டி.இ.ன்னா தனியார் பள்ளியில 25 சதவீத சீட் மட்டும்தான்னு நம்ம ஊர்ல பலர் நினைச்சிட்டிருக்கோம். அதே சட்டத்தோட 5ஆவது பிரிவைப் பாருங்க. 6 முதல் 14 வயதுப் பிள்ளை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும்வரை, எந்தக் காரணத்துக்காகவும் வேறொரு அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாற்றம் கேட்கலாம். கேட்டா தலைமை ஆசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் கொடுக்கணும். தாமதம் பண்ணினா அவர்மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். டி.சி. வர லேட் ஆகுதுங்கிறதைக் காரணமா சொல்லி புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவும் முடியாது. இது சலுகை இல்லைங்க, உரிமை.

ரெண்டாவது காரணம் என் தொழில் சம்பந்தப்பட்டது.

பத்து வயசுப் பெண் குழந்தை. திரும்பத் திரும்ப சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்தா சரியாகும், ரெண்டு மாசத்துல மறுபடி ஓபியில நிற்கும். ஸ்கேன் எடுத்தா நார்மல். "ஸ்கூல்ல பாத்ரூம் போவியா பாப்பா?"ன்னு கேட்டா தலை குனிஞ்சுக்கும். காலையில எட்டரை மணிக்கு வீட்டுல போனது, அடுத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். போக வேண்டி வந்துடுமேன்னு தண்ணியே குடிக்கிறதில்லை. பாட்டில் கொண்டுபோன மாதிரியே திரும்பி வரும். அடக்கி அடக்கி மலச்சிக்கலும் சேர்ந்துக்கும். மலச்சிக்கல் இருந்தா சிறுநீர்த் தொற்று இன்னும் சுலபமா வரும். அம்மாவுக்கே அன்னைக்குத்தான் விஷயம் தெரியும். இது ஒரு குழந்தையோட கதை இல்லை, அடிக்கடி பார்க்கிறது. நான் எழுதுற ஆன்டிபயாட்டிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாது.

இந்தக் குழந்தையை "குடியிருப்பு மாற்றம்"னு எழுதி வேற பள்ளிக்குக் கொண்டுபோனா இந்தப் பிள்ளைக்குச் சரியாகும். ஆனா ஃபைல்ல என்ன இருக்கும்? ஒரு குடும்பம் வீடு மாறிடுச்சு, அவ்வளவுதான். அடுத்து அதே பெஞ்சுல உட்காரப்போற பெண் என் ஓபிக்கு வருவா.

திங்கக்கிழமை வயித்துவலியும் அப்படித்தான். லீவு நாள்ல இருக்காது, பள்ளி நாள் காலையில மட்டும் வரும். "நடிக்குது டாக்டர்"னு சொல்வாங்க. நடிப்பு இல்லை. பயம் குடலைப் பிசையும், அந்த வலி நிஜமான வலி. (தூக்கத்துல இருந்து எழுப்புற வலி, எடை குறையுறது, மலத்துல ரத்தம், காய்ச்சல், பச்சை நிறத்துல வாந்தி, இதுல எது இருந்தாலும் கதை வேற. உடனே டாக்டர்கிட்ட வாங்க.)

அதுக்காக உடனே டி.சி.க்கு ஓடவும் வேண்டாம். போர்டுல எழுதினது தெரியாததால "படிக்கவே மாட்டேங்கிறான்"னு பேர் வாங்கின பையனுக்குத் தேவை கண்ணாடி. காது சரியா கேட்காத பிள்ளையும் அப்படித்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறதுல குறைபாடு இருந்தா எந்தப் பள்ளிக்குப் போனாலும் கூடவே வரும். அதுக்கு வட்டார வள மையத்துல இருக்கிற சிறப்பாசிரியரைப் பாருங்க.

பள்ளிக்கும் ஒரு வாய்ப்பு கொடுங்க. காலிப்பர் போட்ட பிள்ளைக்காக அந்த வகுப்பையே தரைத்தளத்துக்கு மாத்தின ஹெச்.எம்.களும் இருக்காங்க. ஒரு நாள் வேலை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அது அவங்க கடமையும்கூட. பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெற்றோராத்தான் இருக்கணும்னு சட்டம் சொல்லுது. அங்கே போய்ப் பேசுங்க.

ஆனா பிள்ளை தினமும் அழுதுகிட்டே போய்ட்டு வரும்போது "நாம போராடிப் பள்ளியை மாத்துவோம்"னு வருஷக்கணக்கா காத்திருக்காதீங்க. பள்ளியைத் திருத்துறது எட்டு வயசுக் குழந்தையோட வேலை இல்லை.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்லணும். பாலியல் தொல்லைன்னா டி.சி. தீர்வே இல்லை. அங்கே பிள்ளையை மட்டும் அமைதியா மாத்துறது குத்தவாளிக்குத்தான் வசதி. 1098க்கு கூப்பிடுங்க, காவல்துறையில சொல்லுங்க. தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறதே போக்சோ சட்டப்படி குற்றம். டாக்டருக்கும் அதே விதிதான்.

"எழுதலாம் டாக்டர், ஆனா அதே ஊர்லதானே நாங்க வாழணும்?" நியாயமான கேள்வி. கூலி வேலைக்குப் போற அம்மா ஹெச்.எம்.மையும் ஊர்ப் பெரியவங்களையும் பகைச்சுக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். அப்படின்னா "பிள்ளையின் உடல்நலன் கருதி"ன்னு எழுதுங்க. பொய்யும் இல்லை, யாரையும் குத்திக் காட்டவும் இல்லை. கூட டாக்டர் கடிதம் வைங்க. சட்டப்படி அது கட்டாயம் இல்லை, ஆனா பேச்சைக் குறைக்கும். அந்தக் கடிதத்துல நோயோட பேரைவிட பிள்ளைக்கு என்ன வேணும்னு எழுதித் தரச் சொல்லுங்க: "மாடி ஏறக் கூடாது", "நினைச்சப்போ கழிப்பறை போக விடணும்", "மதியம் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட இடம் வேணும்". வலிப்பு நோய் இருந்தா மட்டும் புது வகுப்பாசிரியர்கிட்ட நேர்ல சொல்லிடுங்க. மறைச்சு வச்சா, வலிப்பு வர்ற அன்னைக்குக் கையில இரும்புச் சாவியைக் கொடுத்துட்டு நிப்பாங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

கடிதம் ரெண்டு காப்பி. ஒண்ணுல தேதி போட்டுக் கையெழுத்தோ சீலோ வாங்கி வச்சுக்கோங்க. டி.சி. கொடுத்ததும் எமிஸ்ல பிள்ளையோட பேரைப் பொதுத் தொகுப்புக்கு விட்டாச்சான்னு கேளுங்க. அங்கிருந்துதான் புதுப் பள்ளி எடுக்கும். இழுத்தடிச்சா வட்டாரக் கல்வி அலுவலர், இல்லைன்னா 14417. எட்டாம் வகுப்புக்கு மேல இந்தச் சட்டம் பொருந்தாது. பத்து, பன்னிரண்டுல வருஷ நடுவுல மாத்துறது பொதுத்தேர்வுப் பதிவோட சிக்கிக்கும், மே மாசத்துலயே முடிவெடுங்க.

கோபத்துல தனியாருக்குத் தாவுறவங்களுக்கு ஒரு வார்த்தை: மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்புல இருந்தே கணக்குப் பார்ப்பாங்க. யோசிச்சு முடிவெடுங்க.

புதுப் பள்ளியில முதல் நாள் நீங்களும் கூடப் போங்க. கழிப்பறை எங்கே இருக்கு, தாழ்ப்பாள் போடுதான்னு பிள்ளையோடவே பாருங்க. தண்ணி பாட்டில் சாயங்காலம் காலியா வருதான்னு ஒரு மாசம் கவனிங்க. அங்கேயும் திங்கக்கிழமை வயித்துவலி தொடர்ந்தா காரணம் பள்ளியில இல்லாம இருக்கலாம். பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஓபிக்கு வாங்க, மறுபடி முதல்ல இருந்து பார்ப்போம்.