மலிவுக் குளிசையைத் திட்டாதீர்கள், கேள்வி கேளுங்கள்

"அது மலிவுக் குளிசை. அதுதான் உனக்குச் சரிவரேல்லை. ஒறிஜினலைக் கேட்டு வாங்கு."

மன அழுத்தத்துக்கோ வலிப்புக்கோ மருந்து எடுக்கும் எங்கள் வயதுக்காரர் பலர் வீட்டில் இதைக் கேட்டிருப்பீர்கள். தலையிடி வந்தால் பனடோல்தான் வேணும், சூப்பர்மார்க்கெட் பரசிட்டமோல் கூடாது என்று சொல்லும் அதே வீடுகள்தான். இரண்டு பெட்டிக்குள்ளும் இருப்பது ஒரே மருந்து என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

தலையிடி விஷயத்தில் இந்த நம்பிக்கையால் போவது இரண்டு மூன்று பவுண்ஸ். மூளைக்கும் மனதுக்கும் எடுக்கும் மருந்தில் அப்படி இல்லை. பெட்டியின் நிறம் மாறியதும் "இது டூப்ளிக்கேட்" என்று குளிசையைத் தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டால் வலிப்பு திரும்ப வரலாம், உயிரும் போகலாம். மன அழுத்த மருந்தைச் சட்டென்று விட்டால் தலைச்சுற்று, பதற்றம், தூக்கமின்மை எல்லாம் வரலாம். பிறகு அந்தப் பழியும் மலிவுக் குளிசையின் தலையில்தான் விழும்.

ஜெனரிக் மருந்து டூப்ளிக்கேட் அல்ல. முதலில் கண்டுபிடித்த நிறுவனத்தின் காப்புரிமை முடிந்த பிறகு, அதே மருந்தை அதே அளவில் இன்னொரு நிறுவனம் செய்கிறது. அது இரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது, எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்று சோதித்துக் காட்டினால்தான் அனுமதி. "80 முதல் 125 வீதம் வரை வித்தியாசம் விடுவார்களாம்" என்று இணையத்தில் பயமுறுத்துவார்கள். அது குளிசைக்குள் இருக்கும் மருந்தின் அளவு அல்ல. சோதனைக் கணக்கின் தவறு எல்லை முழுவதும் அடங்க வேண்டிய வரம்பு. 1996 முதல் 2007 வரை அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜெனரிக்குகளின் 2,070 சோதனைகளைப் பார்த்தபோது, உடலில் சேரும் மருந்தின் அளவில் சராசரி வித்தியாசம் ஏறத்தாழ 3.5 வீதம்தான்.

அப்படியென்றால் முறைப்பாடு செய்கிறவர்கள் எல்லாரும் கற்பனை செய்கிறார்களா? இல்லை. "எல்லாம் ஒண்டுதான்" என்று வாயை அடைக்கும் வைத்தியர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

அமெரிக்காவில் வெல்புட்ரின் எக்ஸ்எல் என்ற மன அழுத்த மருந்துக்குப் புடெப்ரியன் எக்ஸ்எல் என்று ஒரு ஜெனரிக் வந்தது. 300 மில்லிகிராம் குளிசைக்கு மாறியவர்கள், பழைய துயரம் திரும்பிவிட்டது என்று முறையிட்டார்கள். நோய் தானாகவே திரும்பியிருக்கலாம் என்று 2008இல் அரசு மருந்து நிர்வாகம் பதில் சொன்னது. ஆனால் அனுமதி கொடுத்தபோது சோதித்தது 150 மில்லிகிராம் குளிசையை மட்டும். 300ஐ நேரடியாகச் சோதித்த பிறகு, 2012இல், அது சமமானதல்ல என்று ஒத்துக்கொண்டார்கள். நோயாளிகள் சொன்னதுதான் சரி. 2014இல் கொன்செர்ட்டா என்ற கவனக்குறைபாட்டு மருந்தின் இரண்டு ஜெனரிக்குகளும் சமமானவை என்ற தகுதியை இழந்தன. இவை எல்லாம் மருந்தை மெதுவாக வெளியே விடும் குளிசைகள். உள்ளே இருந்த மருந்து ஒன்றுதான், அது வெளியே வரும் விதம்தான் வேறு.

இதைக் காட்டி "பார்த்தியா, பிராண்ட்தான் நல்லது" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1968இல் அவுஸ்திரேலியாவில் பெனிட்டோயின் எடுத்த வலிப்பு நோயாளிகள் பலருக்கு மருந்து நஞ்சாக ஏறியது. மருந்தின் அளவு மாறவில்லை. கப்சூலை நிரப்பும் பொடியைக் கல்சியம் சல்பேட்டிலிருந்து லக்டோஸுக்கு மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். பெயர் மட்டும் யாரையும் காப்பாற்றாது.

பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் 2013இல் இதைத்தான் சொன்னது: பெனிட்டோயின், கார்பமசெபின், பெனோபார்பிட்டல், பிரிமிடோன் எடுப்பவர்கள் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பிலேயே தொடர வேண்டும். லிதியத்திலும் தயாரிப்பு மாறினால் இரத்தத்தில் அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும். லெவெட்டிரசெட்டாம் போன்றவற்றுக்குப் பொதுவாக அந்தக் கவலை தேவையில்லை. ஆகவே கேட்க வேண்டியது "பிராண்டா, ஜெனரிக்கா" என்றல்ல. "என் மருந்து எந்த வகை? போன மாதம் தந்த அதே தயாரிப்பா?" என்று கேளுங்கள்.

பெட்டியைப் படம் எடுத்து வையுங்கள். தயாரிப்பு மாறியிருந்தால் கவுண்டரிலேயே காரணம் கேளுங்கள். உடம்பிலோ மனதிலோ மாற்றம் தெரிந்தால் திகதியோடு எழுதுங்கள், வைத்தியரிடம் சொல்லுங்கள், பிரித்தானியாவில் இருந்தால் மஞ்சள் அட்டைத் திட்டத்தில் நீங்களே முறையிடுங்கள். அதுவரை குளிசையை நிறுத்தாதீர்கள்.

அம்மா அப்பாவுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் விலையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பார்க்க வேண்டியது எது என்று நாங்கள்தான் காட்ட வேண்டும்.