யார் விட்ட மீன்?

தூண்டில்காரனைப் பற்றிய ஒரு கொள்கை நம்மிடையே சில வருஷங்களாக உலவுகிறது. கவிதைகளில் அவன் கரையோரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். தக்கை மிதக்கிறது. மீன் வருமா வராதா என்பது அவனுக்குப் பொருட்டில்லை. வந்தாலும் முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுவான். வலைக்காரன் பிழைப்புக்காரன், தூண்டில்காரன் கலைஞன். முன்னவன் மீனுக்காகப் போகிறான், பின்னவன் மீன்பிடித்தலுக்காகவே போகிறான். இங்கிருந்து ஒரு எட்டு வைத்தால் போதும்: பயன் கருதாத செயலே தூய செயல், பயன் கருதாத கவிதையே தூய கவிதை. டீக்கடையில் சொல்லிக் கேட்கும்போது இது அழகாகத்தான் இருக்கிறது. அச்சில் ஏறி, அதையே படிக்கல்லாக வைத்து மற்றவர்கள் எழுத்தை நிறுக்கத் தொடங்கிவிட்ட பிறகு பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் சரித்திரம். ஆங்கில இலக்கியம் பாடமாகப் படித்தவர்களுக்கு ஐசக் வால்டன் பெயர் தெரியும். 1653இல் வெளிவந்த 'தி கம்ப்ளீட் ஆங்லர்' தான் இந்தத் தியான பிம்பத்தின் ஊற்று. சிந்தனையாளனின் பொழுதுபோக்கு என்று அதன் துணைத்தலைப்பே சொல்லிக்கொள்கிறது. ஆனால் புத்தகத்தைத் திறந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பிடித்த மீனை எப்படிக் கழுவுவது, வயிற்றில் என்ன திணிப்பது, எப்படி நெருப்பில் வாட்டுவது என்று வால்டன் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அவருடைய தூண்டில்காரன் நன்றாகச் சாப்பிடுகிறவன். அந்த ஆற்றங்கரை அமைதியும் சும்மா வந்ததல்ல. இங்கிலாந்தில் மன்னரின் தலை வெட்டப்பட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. தோற்ற கட்சியைச் சேர்ந்தவர் வால்டன். ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம் அவருக்குத் தேவைப்பட்டது. நம்மவர்கள் சமையலையும் தோல்வியையும் கழித்துவிட்டு மௌனத்தை மட்டும் இறக்குமதி செய்துகொண்டார்கள்.

நம் மாகாணத்துக்கு அந்த மௌனம் துரைமார் மூலம் வந்து சேர்ந்தது. மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் 'தி ராட் இன் இந்தியா'வையும், 1887இல் குளத்துத் தூண்டிலுக்கென்றே 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா'வையும் எழுதினார். நீலகிரியில் அவர்கள் விளையாட்டுக்கு ஏற்ற மீன் இல்லை. சீமையிலிருந்து டிரவுட்டைக் கொண்டுவரப் பல காலம் முயன்று, 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க ஒரு நிலையம் கட்டினார்கள். ஓடையில் மீனை விடுவது, பிறகு சீட்டு வாங்கிக்கொண்டு அதே மீனைப் பிடிப்பது. தூய செயலுக்கு முன்னால் ஓர் ஏற்பாடு தேவைப்பட்டிருக்கிறது. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள், சுமந்தவர்கள், காவல் காத்தவர்கள் சித்திரத்தில் வருவதில்லை.

நம் பக்கத்துச் சான்று வேறு மாதிரி. குறுந்தொகையின் 54ஆம் பாட்டைப் பாடியவருக்கு, பாட்டில் வரும் உவமையையே பெயராக்கி மீனெறி தூண்டிலார் என்று வைத்துவிட்டார்கள். புனம் காப்பவர்களின் கவண் ஒலிக்கு அஞ்சிய யானை, தான் தின்ன வளைத்த மூங்கிலைக் கைவிடுகிறது. மூங்கில் விசுக்கென்று மேலே போகிறது, மீன் மாட்டிய தூண்டில் போவது போல. மலைநாட்டுப் பாட்டுக்குள் தூண்டில் நுழைந்ததற்குக் காரணம் அந்த வேகம் என்றே நான் படிக்கிறேன். தலைவியின் நலன் அவளை விட்டுப் போன வேகமும் அதுதான். காத்திருப்பு, மோனம், ஒன்றும் அங்கே இல்லை. ஒரு வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்த கண் இருக்கிறது. நம் காலத்துக்கு வந்தாலும் இதேதான். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வந்தது. வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் நடுவே பிளந்துகிடக்கும் ஊர் அது. அங்கே மீனுக்கு விலை உண்டு, கடன் உண்டு, பகை உண்டு. அதனால் அதன் கவித்துவம் ஒரு குன்றிமணியும் குறைந்துவிடவில்லை.

இனி, அந்த விளையாட்டு உண்மையில் எப்படி நடக்கிறது என்பது. மீனைப் பிடித்து மீண்டும் விடும் தூய தூண்டில்காரன் மிகுதியாகக் காணப்படும் இடம், கட்டணக் குளத்தில் நடக்கும் கிளப் போட்டி. நம் கவிகளில் எத்தனை பேர் ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒரு மனமகிழ் மன்றம் செங்குன்றத்துக்கு அப்பால் ஒரு தனியார் மீன்பண்ணையில் நடத்திய போட்டியில் நான் கலந்துகொண்டேன். கரையைச் சுற்றி எண் போட்ட முளைகள். பிஸ்கட் டின்னில் சீட்டு. வந்த எண்ணுக்கு எதிரே உட்கார வேண்டும், இடம் மாற்றிக்கொள்ள முடியாது. காலை ஏழு மணிக்கு ஒரு விசில், பன்னிரண்டுக்கு இன்னொரு விசில். ஆளுக்கு ஒரு கோல், ஒரு முள். பிடித்ததெல்லாம் தண்ணீரில் தொங்கும் வலைப்பைக்குள். கடைசியில் தொங்குதராசு வரும். கிராம் வரைக்கும் நோட்டில் எழுதிக்கொண்டு மீன்களைக் குளத்தில் கொட்டிவிடுவார்கள்.

ஐந்து மணி நேரத்தில் யாரும் தியானம் செய்து நான் பார்க்கவில்லை. ஜெயித்தவர் ஒரு பட்டறைத் தொழிலாளி. முதல் கால் மணி அவர் முள்ளைப் போடவே இல்லை. நரம்பில் ஈயத்தைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடலைப் பிண்ணாக்கும் தவிடும் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருண்டையாக, அலுக்காமல், ஒரே இடத்தில் எறிந்துகொண்டிருந்தார். மீன் கூடிவர வேண்டும்; ஆனால் வயிறு நிறைந்துவிடக் கூடாது. தக்கையை விரற்கடை ஏற்றுவார், இறக்குவார். அவர் செய்தது கணக்கு, கைப்பழக்கம், இரண்டும் சேர்ந்த ஒரு வித்தை. எனக்கு அதில் மரியாதை உண்டு. போட்டிக்காரனிடம் ஒரு நேர்மையும் உண்டு. எல்லார் கண்ணுக்கும் எதிரில் தராசு தொங்குகிறது. எடை குறைந்தால் குறைந்ததுதான். மீன் தனக்குள் பிடிபட்டது என்று அவன் முன்னுரை எழுதிக்கொள்ள முடியாது.

ஆனால் எது நிறுக்கப்படுகிறது என்று கேட்க வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் குஞ்சாக விலைக்கு வாங்கி விடப்பட்டவை. தீனி போட்டு, தண்ணீருக்குக் காற்று ஊட்டி வளர்க்கப்பட்டவை. கட்டணம் கட்டியவன் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அந்தத் தொழிலின் அடிப்படை. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட வணிகக் குளங்கள் நிறைய. மலேசியாவில் நம்மவர்களும் காசு கட்டித் தூண்டில் போடும் குளங்கள் உண்டு. எங்கும் விதி ஒன்றுதான். நான் இழுத்த கட்லா ஒன்றின் உதட்டில் ஏற்கெனவே இரண்டு வடு இருந்தது. மூன்றாவதை நான் போட்டேன். அதை இன்னும் எத்தனை பேர் பிடித்து, நிறுத்து, விட்டிருப்பார்களோ.

சீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு. அந்த ஏரியில் இறாலுக்கு எங்கே வலை கட்டுவது என்பதற்குப் பல தலைமுறைகளாகப் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. நீரோட்டம் நன்றாக உள்ள இடத்தில் இறால் கொழிக்கும், மற்ற இடத்தில் காயும். ஆகவே சீட்டுப் போட்டு, முறை வைத்து, இடங்களைச் சுற்றி வரச் செய்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் ஒருவனுக்கு, நாளைக்கு அடுத்தவனுக்கு. போட்டியிலும் சீட்டு, பாட்டிலும் சீட்டு. ஆனால் ஒன்றில், கடைசியில் ஒருவனை வென்றவன் என்று அறிவிப்பதற்காகச் சீட்டு எடுக்கிறார்கள். மற்றதில், எவனும் நிரந்தரமாக வென்றுவிடக் கூடாது என்பதற்காக எடுக்கிறார்கள். முறைக்கும் பாடு என்று பெயர். வலையில் விழுவதும் மீன்பாடு. அதற்காகப் படுவதும் பாடுதான். தூண்டிலின் தத்துவம் தேடி லண்டன் வரை போனவர்கள் இந்த ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்திருக்கலாம்.

இதையும் கோயிலாக்கிவிட வேண்டாம். பழவேற்காட்டில் பாட்டு உரிமை பட்டினவர் ஊர்கள் சிலவற்றுக்கே சொந்தமாக இருந்தது. ஏற்றுமதியால் இறாலுக்கு விலை ஏறியபோது, தலித்துகளும் மற்றவர்களும் ஏரி எங்களுக்கும்தானே என்று கேட்டார்கள், மோதல் வந்தது. சுற்றி வரும் நியாயம் உள்ளே இருப்பவர்களுக்குள்தான் சுற்றி வந்தது. டின்னுக்குள் யார் பெயர் போடப்படவே இல்லை என்பது, யார் பெயர் வந்தது என்பதைவிட முக்கியமான கேள்வி.

கடைசியாகத் தண்ணீர். எண்ணூர் முகத்துவாரத்தில் கட்டையில் நரம்பைச் சுற்றிக்கொண்டு நிற்பவர்களை இந்தப் பக்கத்தில் வசிக்கும் யாரும் பார்த்திருக்கலாம். அவர்களும் தூண்டில்காரர்கள்தான். கொடுவா கிடைத்தால் விற்பனைக்கு, கெளுத்தி கிடைத்தால் குழம்புக்கு. சற்று உள்ளே, கழிமுகச் சேற்றில் கையால் தடவி இறால் பொறுக்குபவர்கள். இந்தக் கழிமுகத்தின் கரையில் எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் வந்தது, 2017இல் மூடப்பட்டது. 1994இல் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. குழாய்கள் கசிந்து சாம்பல் குழம்பு கொசஸ்தலையாற்றில் படிந்து, ஆழமாக இருந்த இடங்கள் தூர்ந்தன. 2001இல் துறைமுகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்தது. படகும் வலையும் கறுத்துப்போயின. அந்த எண்ணெயை மீனவர்களே கையால் வாரி எடுத்ததை நாடு முழுக்கப் படத்தில் பார்த்தார்கள்.

இங்கே மீன் குறைந்தால் மறுவாரம் லாரியில் கொண்டுவந்து கொட்ட ஒரு முதலாளி இல்லை. வெறுங்கை என்றால் அன்றைக்கு அடுப்புக்கும் வெறுங்கை. மீனைத் திரும்ப விடுபவனின் பெருந்தன்மை, விடுவதற்கு மீன் இருக்கும் என்ற உத்தரவாதத்தின் மேல் நிற்கிறது. உத்தரவாதத்துக்குப் பணம் கட்டியிருக்கிறான். அது அவன் சௌகரியம், அதில் எனக்கு வழக்கில்லை. சௌகரியத்தைத் தூய்மை என்று அழைப்பதில்தான் வழக்கு. எண்ணூர்க்காரன் தன் வேலையில் ரசனை இல்லாதவன் என்ற அனுமானமும் சேர்ந்தே வருகிறது. நீரின் நிறத்தையும் காற்றின் திசையையும் பற்றி அவன் பேசக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பசியோடு இருப்பவனுக்கும் கைவேலையில் இன்பம் உண்டு.

இதைப் படித்துவிட்டு, இவனும் கோஷக்காரர்கள் பக்கம் போய்விட்டான் என்று சொல்லப்போகிறார்கள். கவிதை சோறு போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எண்ணூரைப் பற்றி எல்லோரும் எழுதுங்கள் என்றும் கேட்கவில்லை. அப்படி எழுதப்பட்டு வந்தவற்றில் பலவற்றை என்னால் படிக்க முடியவில்லை. தான் எந்தத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறோம் என்று கவிஞனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏனென்றால் நம் பத்திரிகைகளே இப்போது கட்டணக் குளங்களாகி வருகின்றன. முந்நூறு பிரதி, ஐந்நூறு பிரதி. எழுதுபவர், படிப்பவர், மதிப்புரைப்பவர் எல்லாம் அதே நாற்பது பேர். இன்னாருக்கு இன்ன முளை என்பது சீட்டுப் போடாமலே தெரியும். யாரும் வெறுங்கையோடு போவதில்லை. ஒரே படிமம், உதட்டில் மூன்று வடுவோடு, இதழுக்கு இதழ் பிடிபட்டு, வியக்கப்பட்டு, விடப்படுகிறது. பட்டறைத் தொழிலாளியின் ஆழம் பார்த்தலும் இல்லை. எல்லார் எதிரிலும் தொங்கும் தராசும் இல்லை. சிறியதாக இருப்பது குற்றமில்லை. 1959 முதல் 1970 வரை வந்த 'எழுத்து'வும் சிறியதுதான். ஆனால் 1962இல் அதிலிருந்து 'புதுக்குரல்கள்' வந்தபோது, தலைப்புக்கு ஏற்றபடி புதிய குரல்கள் அதில் இருந்தன. செல்லப்பாவுக்கு எல்லாக் குரலும் பிடித்திருந்ததா என்பது வேறு விஷயம். டின்னுக்குள் பெயர்கள் விழுந்தன.

ஆகவே இந்த இதழின் ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இதழின் கவிதைப் பக்கங்களைப் பாட்டு முறைக்கு விடுங்கள். இதுவரை இங்கே எழுதியவர்கள் ஒரு சுற்றுக்கு ஒதுங்கி நிற்கட்டும். வந்து குவியும் தபாலில் தெரியாத பெயர்களை முதலில் பிரித்துப் படியுங்கள். இந்தப் பத்திரிகை போய்ச்சேராத ஊர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். சில பக்கங்கள் வெறுமையாகப் போனால் போகட்டும். இடம் போதவில்லை என்றால், என்னுடைய இந்த நாலு பக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.